ஸ்ரீ எழுத எத்தனை கட்டம்?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸின் நெற்றியில் எல்.இ.டி. புள்ளிகளாக ‘ஸ்ரீரங்கம்’ ஓடியது. முதல் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு வெறும் சிவப்புத் திட்டாகத் தெரிந்தது. பக்கத்திலேயே ஒரு கல்லூரி விழா போஸ்டர். அதில் வீடியோ கேம் பாணி ஆங்கில எழுத்து, சதுரம் சதுரமாக, தடித்தடியாக, ஜம்மென்று நின்றது. இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் 1976-க்குக் கொண்டுபோனது. அட்டாரியின் துணை நிறுவனமான கீ கேம்ஸ் வெளியிட்ட ‘குவிஸ் ஷோ’ விளையாட்டுதான் இதன் பிறந்த வீடு என்கிறார், 2019-ல் ஆர்கேட் எழுத்துகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்ட டோஷி ஒமாகரி. பின்னால் ஜப்பானின் நாம்கோ அதை எடுத்தாள, பேக்-மேன் வழியாக உலகமெங்கும் பரவியது. எட்டுக்கு எட்டுக் கட்டம்; செங்குத்துக் கோடு மட்டும் இரண்டு புள்ளி அகலம். பழைய டி.வி. திரையில் ஒற்றைப் புள்ளிக் கோடு மங்கிவிடும் என்பதால் வந்த தடிமன் அது. 1984-ல் மெக்கின்டோஷுக்காக சூசன் கேர் வரைந்த ‘சிகாகோ’ எழுத்துருவும் தடித்ததுதான். மெனுவை மங்கலாகக் காட்ட ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை நீக்கினாலும் படிக்க முடிந்தது.

சரி, தமிழுக்கு? கோலம் இருக்கிறதே என்பார்கள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும். இங்கே புள்ளியே கோடு. எனக்கு அந்த உறவு ஒட்டவில்லை.

கட்டம் போட்ட தாளில் ‘ண’ வரைந்து பார்த்தேன். குறுக்கே ஐந்து கோடு என்று வைத்தால், கோட்டுக்கு இரண்டு, இடைவெளிக்கு ஒன்று, ஆக 14 கட்டம். எட்டில் நடக்காது. ‘கி’யின் கொக்கி மேலே ஏறும், ‘கு’வின் வால் கீழே இறங்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ‘லை’யின் பழைய தும்பிக்கை வடிவ வளைவை எடுத்தது, புள்ளிக்காரர்களுக்குப் பெரிய உபகாரம்.

1998-ல் ரோமன் சிபோரா தொடங்கிய யூனிஃபான்ட் என்ற புள்ளி எழுத்துருவில் தமிழ் உண்டு, 16 புள்ளி உயரத்தில். ஆனால் ஒரு யூனிகோட் குறிக்கு ஒரு படம் என்பது அதன் கணக்கு. ‘ஸ்ரீ’ ஒட்டாமல் துண்டு துண்டாக நிற்கும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரக் குழுவுக்குத் தலைமை வகித்த எழுத்தாளர் சுஜாதாவுக்கு இது பிடித்த வம்பாக இருந்திருக்கும்.

எழுத்துரு வரையும் இளைஞர்களே, எட்டை மறந்துவிட்டு 16-ல் தொடங்குங்கள். ‘ஸ்ரீ’யைத் தனிப் படமாகவே வரையுங்கள். தலைப்புக்கும் போஸ்டருக்கும் விளையாட்டுக்கும் போதும். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் வேண்டாம்.