ஜாக்கெட் எடுத்துக்கிட்டு லண்டன் போன கதை



போன வெள்ளிக்கிழமை மண்டபத்துல சாப்பாடு பரிமாறிக்கிட்டு இருந்தப்ப ஒரு தம்பி சொன்னார்: "அண்ணே, நம்ம ஊர் வெக்கை தாங்கல. லண்டன் பக்கம் போயிட்டா ஏர்கோனே தேவையில்ல." நாங்க சிரிச்சுக்கிட்டோம். 2022 வரைக்கும் நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்.

எங்க பெரிய அக்கா 1970களில் தாதி படிப்புக்கு இங்கிலாந்து போனவங்க. அந்தக் காலத்துல மலேசியாவிலிருந்து நிறையப் பெண்கள் அப்படிப் போனாங்க. 2022 ஜூலையில வீட்டுக்காரம்மாவும் நாங்களுமா அவங்களைப் பார்க்க லண்டன் போனோம். பையில ரெண்டு ஜாக்கெட், ஒரு கம்பளி.

முதல் சில நாள் சொர்க்கம்தான். வெயில் இருக்கு, பிசுபிசுப்பு இல்ல. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம். ஏர்கோன் இல்லாமலே நல்லாத் தூங்கினோம்.

அப்புறம்தான் டிவியில சிவப்பு எச்சரிக்கை வந்துச்சு. கடும் வெப்பத்துக்காக அந்த நாட்டுல சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. வருஷக்கணக்கா ஃபேக்டரி மெஷின் சூட்டுல நிக்கிற நமக்கு இது என்ன பெருசுன்னு நினைச்சோம். ஜூலை 19ஆம் தேதி லண்டன் ஹீத்ரோவில 40.2 டிகிரி. கோனிங்ஸ்பிங்கிற ஊர்ல 40.3. நம்ம நாட்டோட உச்சமே 1998ல பெர்லிஸ் சுப்பிங்ல பதிவான 40.1 தான்!

அக்கா வீடு பழைய செங்கல் வீடு. குளிர்காலத்துல சூடு வெளியே போகக்கூடாதுன்னு கட்டினது. சுவரெல்லாம் பகல் சூட்டைக் குடிச்சு வச்சிக்கிட்டு ராத்திரி திருப்பிக் கொடுக்குது. தரை முழுக்கக் கார்ப்பெட். கூரையில காத்தாடி கிடையாது. அங்க பெரும்பாலான வீட்ல ஏர்கோனும் இல்ல.

நாங்க நம்ம ஊர் வழக்கப்படி எல்லா சன்னலையும் திறந்து விட்டோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி, எண்பது வயசுக்கு மேல, தனியா இருக்கிறவங்க, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டினாங்க. "சன்னலை மூடுங்க, திரையை இழுத்து விடுங்க. வெளியேதான் சூடு அதிகம். ராத்திரி குளிர்ந்த பிறகு திறங்க." அப்பத்தான் புரிஞ்சது, நம்ம வழக்கம் நம்ம வீட்டுக்குத்தான் சரி.

சாயங்காலம் பார்த்தா பாட்டி வீட்டுத் திரை மூடியே கிடந்துச்சு. அன்னைக்கு எல்லா வீட்டுத் திரையும் மூடித்தான் இருந்துச்சு, அதனால யாருக்கும் சந்தேகம் வரல. அக்காதான், "எதுக்கும் ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்ப்போம்"னாங்க. தட்டினோம். பதில் இல்ல. அக்காகிட்ட இருந்த சாவியால திறந்து மேல போனா, பாட்டி கட்டில்ல சோர்ந்து கிடக்கறாங்க. கேட்டதுக்குப் பதில் வர நேரமாச்சு. மேசையில தண்ணி வச்சது வச்சபடியே இருக்கு.

அக்கா அந்த வயசுலயும் தாதிதான். ஆம்புலன்ஸுக்கு எங்களைப் போன் அடிக்கச் சொல்லிட்டு, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வச்சாங்க. வீட்டுக்காரம்மா ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கிட்டே இருந்தாங்க. முழுசா நினைவு தெளிஞ்ச பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி கொடுத்தாங்க. பாட்டி பிழைச்சுக்கிட்டாங்க. மறுநாள் வெப்பமும் இறங்கிடுச்சு.

2003 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல வந்த வெப்ப அலையில ஏறக்குறைய 15,000 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் வயசானவங்க. தனியா இருந்தவங்க நிறையப் பேர். அந்தச் செய்தியைப் படிச்சப்ப எங்களுக்கு அது வெறும் எண்ணிக்கை. இப்ப அந்தப் பாட்டி முகம்தான் ஞாபகம் வருது.

ஏர்கோன் நல்லதுதான், நாங்க வேண்டாம்னு சொல்லல. ஆனா அன்னைக்குப் பாட்டியைக் காப்பாத்தினது கதவைத் தட்டின கைதான். நம்ம தாமான்லயும் பிள்ளைங்க சிங்கப்பூர், கோலாலம்பூர்னு போயிட்டுத் தனியா இருக்கிற பெரியவங்க இருக்காங்க. கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏர்கோனைத் திறக்காதவங்களும் இருக்காங்க.

கோயிலுக்கு வழக்கமா வர்ற ஒரு பெரியவர் ரெண்டு வாரமா வரலைன்னா, "என்ன ஆச்சு?"ன்னு நமக்குள்ள கேட்டுட்டு விட்டுடாதீங்க. போற வழியில ஒரு தடவை கதவைத் தட்டுங்க. பெயர் தெரிஞ்சா எங்ககிட்ட சொல்லுங்க, தொண்டர்கள் முறை போட்டுப் போய்ப் பார்க்கிறோம்.

ஜாக்கெட் ரெண்டும் மடிச்சது கலையாம அலமாரியில இருக்கு. அடுத்து லண்டன் போறவங்க வேணும்னா வாங்கிக்கலாம் 😄

முருகா சரணம் 🙏