ஐந்து டிகிரி

அம்மாவை சென்னை மாம்பலத்திலிருந்து ஹைதராபாத் பக்கம் மாரெட்பள்ளிக்கு அழைத்து வந்தபோது, விட்டுவிட்டு வர மனமில்லாத சாமான் என்று அவள் சொன்னது மொட்டைமாடி டிஷ்ஷைத்தான். "புதுசு வாங்கிக்கலாம்மா" என்றேன். "இதுக்கென்ன குறை? கழட்டி எடுத்துக்கோ." போர்வையில் சுற்றி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்து லாரியில் ஏற்றினோம்.

மாரெட்பள்ளியில் தமிழுக்குப் பஞ்சமில்லை. 1806இல் செகந்தராபாத் கன்டோன்மென்ட் உருவானபின் மதராஸ் படையோடு வந்த தமிழர்களின் வம்சங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்றும் இருக்கின்றன. பக்கத்து பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் போனால் காதில் தமிழ் விழும். ஆனால் நான் ஆபீஸ் போனபின் பகல் பத்து மணிக்கு மூன்றாம் மாடி வீட்டுக்குள் அம்மாவுக்கு ஒரு குரல் வேண்டுமே! அதற்குத்தான் டிடி தமிழ். மாதச் சந்தா இல்லாத ஃப்ரீ டிஷ் பெட்டி அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நாலு கால் இரும்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கி, கால்களின் மேல் மணல் மூட்டை வைத்து, டிஷ்ஷை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் திருப்பினேன். ஸ்ட்ரெங்த் பட்டை நிறைய காட்டியது, குவாலிட்டி பூஜ்யத்திலேயே நின்றது. ஸ்ட்ரெங்த்தை நம்பக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்குக் கரன்ட் போனாலே போதும், வெறும் இரைச்சலையும் அது சிக்னல் போலக் காட்டும்.

மறுநாள் வாட்ச்மேன் ஒரு பையனைக் கூட்டி வந்தார். அவன் முதலில் டிஷ்ஷைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, நுனியில் நட்டைக் கட்டிக் கம்பத்தின் அருகே தொங்கவிட்டான். கம்பம் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்திருந்தது. கம்பம் சாய்ந்தால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் உயரமும் கூடவே மாறிவிடும். காலுக்கடியில் ஓட்டுத் துண்டு செருகி அதைச் சரி செய்தபின் பிராக்கெட்டில் இருந்த அளவுகோலைப் பார்த்து, இது எந்த ஊர் டிஷ் என்று தெலுங்கில் கேட்டான். சென்னை என்றேன். தலையாட்டிவிட்டு பிராக்கெட்டின் நட்டைத் தளர்த்தினான்.

டிடி தமிழைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 68 டிகிரி, ஹைதராபாத்திலிருந்து 63. வடக்கே 500 கிலோமீட்டர் வந்ததற்கு அது தெற்கு வானில் ஐந்து டிகிரி இறங்கிவிட்டது. பத்து முழுநிலாக்களை வரிசையாக அடுக்கினால் வரும் இடைவெளி அது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வையோ மொத்தமே மூன்று டிகிரிக்குள் அடங்கும். மாம்பலத்து அளவை மாற்றாமல் நான் செயற்கைக்கோளின் தலைக்கு மேலே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு தென்கிழக்கில் தேடினான். அம்மா டிவி முன்னால், நான் மாடிப்படியில், அவன் மேலே. "இங்கா கொஞ்செம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நகக்கண் அளவு நகர்த்துவான். பிறகு கையை எடுத்துவிட்டு மூன்று எண்ணுவான். பெட்டி சிக்னலைப் பிடிக்கச் சில நொடி ஆகும், அந்த அவகாசத்தை நான் கொடுக்கவே இல்லை. "பன்னெண்டு... போயிடுச்சு... நாப்பது" என்று அம்மா படித்தாள். எல்.என்.பி.யைக் கொஞ்சம் முறுக்கியதும் எழுபதைத் தாண்டியது. "வச்சிந்தா அம்மா?" என்று மேலிருந்து குரல் வந்தது. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாத அம்மா, "வந்துடுச்சுப்பா!" என்று கத்தினாள். நடுவில் நின்ற எனக்கு வேலையே இல்லை.

இந்தத் தேடல் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டினார்கள். அன்றைய ஆந்திரப் பிரதேசமும் அதில் ஒன்று. அங்கே சிக்னலைப் பிடித்தவை கோழிவலைக் கம்பியில் செய்த பத்தடி டிஷ்கள். செயற்கைக்கோளை அந்த 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தலாம் என்று 1945லேயே எழுதிய ஆர்தர் கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் நம் பொறியாளர்கள் ஒன்றை நிறுவிக் கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களிலும் யாரோ ஒருவர் திருப்ப, இன்னொருவர் "வந்துச்சா?" என்று கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

வயதானவர்களோடு வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் காய்ச்சும் அன்றே டிஷ்ஷையும் பொருத்திவிடுங்கள். முதலில் கம்பம் நேராக நிற்கிறதா என்று நூல் விட்டுப் பாருங்கள்.