மலை தெரியும் அறை

"கார்த்திகையில எல்லக்கா? ஏன்யா, அங்க ஒண்ணுமே தெரியாதே" என்றார் அம்மா. நான் காதில் வாங்கவில்லை. எல்லவில் ஒரு ஹோட்டலில் மலை தெரியும் அறையைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். ஏன் பாதி விலை என்று யோசிக்கவில்லை. இத்தனைக்கும் நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்.

எங்கள் ஊவாவின் மழைக் கணக்கே வேறு. தென்மேல் பருவமழையில் ஹட்டன் பக்கம் நனையும்போது, மலைக்கு இந்தப் புறம் காய்ந்த காற்றுதான் வரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் வரும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன வாசனை. விளம்பரத்தில் பார்க்கும் நீல வானமும் அந்த மாதங்களுடையதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ் மழை இறங்கினால் எல்லாம் மூடிவிடும். அம்மா படங்கு கட்டிக் கூடை சுமந்து அறிந்த விஷயம் இது. நான் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சை எழுதி மறந்துவிட்டேன்.

பாதி விலை என்றாலும் ஓர் இரவு வாடகை, கொழுந்து பறிப்பவரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அப்போதிருந்த 1,000 ரூபாய் நாட்சம்பளமே பல வருடம் போராடி 2021இல்தான் கிடைத்தது. விலையை அம்மாவிடம் சொல்லாமல் அவரையும் கூட்டிப்போனேன்.

அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே சுண்ணாம்பு அடித்தது மாதிரி மூடுபனி. எல்ல மலையையும் காணோம், மலை இடைவெளியையும் காணோம். சுடுதண்ணீர் வரவில்லை, கரண்ட் போய்ப் போய் வந்தது, தேத்தண்ணி ஆறிப்போய் வந்தது. அதைக் கொண்டுவந்த பையனிடம் சத்தம் போட்டேன். கீழே போய் முகாமையாளரையும் பிடித்துக்கொண்டேன். "மலை அங்கதான் இருக்கு சேர்" என்றார் அவர், சிரிக்காமல். இன்று நினைத்தால் எனக்குத்தான் சிரிப்பு வருகிறது. அன்று விடவில்லை, அரை மணிநேரம் பேசினேன். கடைசியில் பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணத்தைக் கழிப்பதாகச் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று மேலே வந்து அம்மாவிடமும் சொன்னேன். "அப்புடியா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அதே பையன் இடியப்பம் பரிமாறினான். அம்மா அவன் முகத்தையே பார்த்தார்.

"எந்தத் தோட்டம் தம்பி?"

சொன்னான். பெயரைக் கேட்டதும் அம்மா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டார். "மழைக்கு வீடெல்லாம் எப்புடி இருக்கு?"

"முந்தாநாள் ராத்திரி மண்சரிவு எச்சரிக்கை குடுத்துட்டாங்கம்மா. எல்லாரும் ஸ்கூல்லதான் இருக்காங்க. நான் அங்கயிருந்துதான் வேலைக்கு வாறேன்."

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அதன்பிறகு பதுளைப் பக்கத்து லயன்களில் மழை வலுத்தால் பலருக்குத் தூக்கம் வராது. எனக்கும் அந்த மழைச் சத்தம் தெரியும். முதல் நாள் இரவு முழுக்க அதே மழை என் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. நான் நாளைக்காவது மலை தெரியுமா என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அம்மா விடவில்லை. சம்பளம் எப்படி என்று கேட்டார். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான், சேவைக் கட்டணத்தை மாதக் கடைசியில் எல்லோருக்கும் பிரிப்பார்கள், அதுதான் கை கொடுக்கும் என்றான். "இப்ப ஆள் வரத்து இல்லம்மா, அதுவும் கொறைவு." என் பக்கம் திரும்பாமலேதான் சொன்னான். முதல் நாள் நான் கழிக்க வைத்தது எது என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கீழே போய் சேவைக் கட்டணத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். பில் முடிந்துவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். பணத்தை அவனிடமே நீட்டினேன். "எல்லாருக்கும் சேரவேண்டியது சேர்" என்று வாங்கிப்போய் வரவேற்பறைப் பெட்டியில் போட்டான்.

திரும்பும் வழியில் அம்மா கடையில் வேனை நிறுத்தி பிஸ்கட்டும் பால்மாவும் வாங்கினார். பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றது. "வாறியா?" என்றார். சப்பாத்து சேறாகிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.