தையலில் சிரிப்பவர்கள்

"ஹி ஹேட் அஸ் இன் ஸ்டிச்சஸ்" என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், "அவர் எங்களைத் தையலில் வைத்திருந்தார்". பாடப்புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் படித்தவருக்கு இதைக் கேட்டதும் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். என்ன அடிதடியோ, யாருக்கு எத்தனை தையலோ!

நடந்தது அவ்வளவு பயங்கரம் இல்லை. அவர் ஏதோ ஜோக் அடித்திருக்கிறார், மற்றவர்கள் அடக்கமுடியாமல் சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அப்படியானால் தையல் எங்கிருந்து வந்தது? 'ஸ்டிச்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'குத்து' என்றுதான் பொருள். ஊசி குத்துவதால் தையலுக்கும் பின்னால் அதே பெயர் வந்தது. சாப்பிட்டவுடன் ஓடினால் விலாப்பக்கம் சுருக்கென்று குத்துமே, அதற்கும் ஆங்கிலத்தில் இன்றுவரை 'ஸ்டிச்' என்றுதான் பெயர். சிரிக்கும்போது உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகளும் விடாமல் வேலை செய்கின்றன. நிறுத்தாமல் சிரித்தால் அங்கே வலிக்கிறது. தமிழில் 'விலா நோகச் சிரித்தான்' என்று சொல்கிறோமே, அச்சு அசலாக அதேதான்!

ஷேக்ஸ்பியர் இதைத் தன் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் பயன்படுத்தியிருக்கிறார். 1602 பிப்ரவரியில் லண்டனில் நடிக்கப்பட்ட நாடகம் அது. மால்வோலியோ என்ற கறாரான காரியஸ்தரைப் பொய்க் கடிதம் ஒன்றால் ஏமாற்றி, மஞ்சள் காலுறை போட வைக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டுமா, வந்து பாருங்கள் என்று மரியா கூப்பிடுவது அந்தக் கூத்தைப் பார்க்கத்தான். பிறகு அந்த மனிதரைப் பைத்தியம் என்று சொல்லி இருட்டறையில் அடைக்கிறார்கள். கடைசியில் எல்லோரையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறுகிறார். (இந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வருவதில்லை.)

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியது, சொல் எப்போதும் பன்மையில் வரும். சிரிப்பவர்தான் 'ஸ்டிச்சஸ்'இல் இருப்பார், ஜோக் இருக்காது. மொக்கை ஜோக்கைக் கேட்டுவிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு "ஐ ஆம் இன் ஸ்டிச்சஸ்" என்று சொன்னால், அது கிண்டல்.

நிஜத் தையலுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கை சொல்வார்கள்: "ஹி காட் சிக்ஸ் ஸ்டிச்சஸ்". இந்த 'இன்'னில்தான் ஆபத்து இருக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்ட நண்பனைப் பற்றி "ஹி இஸ் இன் ஸ்டிச்சஸ்" என்று எழுதி அனுப்பினால், வெளிநாட்டில் இருக்கும் அவன் அண்ணன் "பையன் ஜாலியாகத்தான் இருக்கிறான்" என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழ் கற்றுக்கொள்ளும் ஒருவரிடம் "அவன் விழுந்து விழுந்து சிரித்தான்" என்று சொல்லிப் பாருங்கள். "அடி ஏதும் பட்டதா?" என்றுதான் முதலில் கேட்பார்.