அப்டேட் வந்ததும் பிளகின் எங்கே போகிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளின் பாட்டு, நாடகம், வீட்டுப் பெரியவர்களின் குரல் என்று எதையாவது லெப்டொப்பில் ரெக்கோர்ட் பண்ணி வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

இங்கே றக்வானப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் மாணவி ஒருத்தியின் அம்மாயி அருமையாகத் தாலாட்டுப் பாடுவார். தமிழ் மொழித்தினப் போட்டிக்கு நாட்டார் பாடல் தேடிய வருஷம் லயத்துக்கே போய்ப் பதிவு செய்தேன். பதினொரு நிமிடம். தகரத்தில் மழை, பக்கத்துக் காம்பராவில் ரேடியோ. அந்த இரைச்சலைக் குறைக்க இலவச பிளகின் ஒன்றைப் போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்தேன்.

இந்த வருஷம் அம்மாயி காலமாகிவிட்டார். கருமாதிக்கு அந்தக் குரலைப் போடவேண்டும் என்று பிள்ளையின் மாமா வந்து கேட்டார். "டீச்சர், எங்கக்கிட்ட ஒரு போட்டோதான் இருக்கு" என்றார். நாலு நாள்தான் இருந்தது.

அன்றிரவு லெப்டொப்பைத் திறந்தால், ரெக்கோர்டிங் மென்பொருள் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. பிளகினைக் காணவில்லை என்று ஒரு செய்தி. பாட்டைப் போட்டேன், மழைதான் முன்னால் கேட்டது, குரல் பின்னால்.

பலருக்கு இந்த இடத்தில்தான் கை நடுங்கும். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிளகின் என்பது மூக்குக்கண்ணாடி மாதிரி. கண்ணாடி தொலைந்தால் கண் தொலைவதில்லை. பதிந்த குரல் தனிக் கோப்பாக அப்படியே இருக்கும். அதன் மேல் போட்ட வேலைதான் தெரியாமல் போகிறது.

சரி, ஏன் காணாமல் போகிறது? இந்த பிளகின்களில் பெரும்பாலானவை விஎஸ்டி என்ற வகை. ஜெர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1996இல் கொண்டுவந்தது. 2008இல் விஎஸ்டி3 வந்தது. பழைய விஎஸ்டி2 பிளகின் தயாரிப்பதற்கான கருவித்தொகுதியை 2018இல் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம் 32 பிட், 64 பிட் பிரச்சினை. 64 பிட் மென்பொருள் 32 பிட் பிளகினை நேரடியாகத் திறக்காது, நடுவில் பாலம் போல இன்னொரு நிரல் வேண்டும். ஆப்பிள் கணினிகளில் 2019இல் வந்த கட்டலினா பதிப்போடு 32 பிட் மென்பொருட்கள் முழுதாகவே நின்றுபோயின. என்னுடைய பிளகினும் 32 பிட்தான். அதைச் செய்தவர் புதுப் பதிப்பு வெளியிடவில்லை.

இப்படி நடந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலாவது, சேவ் பண்ணாமல் மூடுங்கள். பிளகின் இல்லாத நிலையில் சேவ் பண்ணினால் சில மென்பொருட்களில் பழைய அமைப்புகள் அழிந்துபோகலாம். முழு ஃபோல்டரையும் கொப்பி எடுத்துவிட்டு, கொப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இரண்டாவது, பிளகின் கோப்பு கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் விஎஸ்டி3 என்றால் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே கொமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 ஃபோல்டர். பழைய விஎஸ்டி2 வேறு வேறு ஃபோல்டர்களில் இருக்கும். எக்ஸ்86 என்று எழுதிய புரோகிராம் ஃபைல்ஸில் இருந்தால் அனேகமாக 32 பிட்.

மூன்றாவது, கோப்பு இருந்தால் மென்பொருளின் பிளகின் பகுதிக்குப் போய் மறுபடி ஸ்கேன் கொடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

நான்காவது, அதே பிளகினின் 64 பிட் பதிப்பு இருக்கிறதா என்று செய்தவரின் தளத்திலேயே தேடுங்கள். கண்ட இடத்தில் கிடைக்கும் திருட்டுப் பதிப்பு வேண்டாம், வைரஸ் வரும்.

எனக்கு இந்த நான்கும் கைகொடுக்கவில்லை. ஐந்தாவதுதான் கைகொடுத்தது. பாடசாலைக் கணினி அறையில் இன்டர்நெட் இல்லாத பழைய கணினி ஒன்று மூலையில் கிடக்கிறது. அப்டேட் எதுவும் போகாததால் அதில் பழைய மென்பொருளும் பிளகினும் அப்படியே இருந்தன. பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்தேன். அல்ஹம்துலில்லாஹ், குரல் முன்னால் வந்தது. நடுவில் ஒருமுறை கரண்ட் போனது, வந்ததும் மறுபடி திறந்து வேவ் கோப்பாக எடுத்தேன். கருமாதிக்கு முதல்நாள் மாமாவின் கையில் கொடுத்தேன்.

புதிதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. ஆனால் முக்கியமான வேலை ஒன்று கையில் இருக்கும்போது தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்து, வேலை முடிந்த பிறகு போடுங்கள்.

இன்னொன்று. ஒரு வேலை முடிந்ததும் மூன்றைச் சேர்த்து வையுங்கள்: கை வைக்காத அசல் பதிவு, சரிசெய்த பதிவு, எந்த பிளகினில் என்ன அளவு வைத்தீர்கள் என்று எழுதிய தாள். முதல் இரண்டும் வேவ் கோப்பாக இருக்கட்டும். சாதாரண ஒற்றைத் தட குரல் பதிவுக்கு நிமிடத்துக்கு 5 எம்பி அளவுதான் வரும். வேவ் கோப்புக்கு எந்த பிளகினும் வேண்டாம், எந்தக் கணினியிலும் பாடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டொகியுமன்டாக அனுப்புங்கள்.

மென்பொருளை நாளைக்கும் இறக்கலாம். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே இந்தப் பாட்டுகளைப் பாடிய தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை.