மேகம் வந்தால் பாட்டு

வானம் மூடிக்கொண்டால்தான் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கும். சித்தப்பாவுக்குக் காவலூர் வானாய்வகத்தில் இரவு வேலை. வானம் தெளிந்திருந்தால் விடியும்வரை தொலைநோக்கியோடு இருந்துவிட்டுப் பகலெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்குவார்; நாங்கள் கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும். மேகம் கவிந்துவிட்டால், விலகுமா விலகுமா என்று நடுநிசிவரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மறுநாள் மாலை உறையிலிருந்து கிட்டார் வெளியே வரும். ஜவ்வாது மலைக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. விண்மீன் பார்க்க வந்தவர்கள் சபித்த மாதங்களெல்லாம் எங்களுக்குக் கச்சேரி மாதங்கள்.

அந்தக் கிட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. இன்று வேலை எதுவும் இல்லை. திண்ணையில் பாயை விரித்து, ஆறு கம்பிகளையும் தளர்த்திக் கழற்றிவிட்டேன். சித்தப்பா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவையில் அந்தக் கழுத்தைப் பிடித்திருக்கின்றன, ஒரேயடியாக அவிழ்த்தால் மரம் கோணிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. ஒருநாள் அவிழ்த்துவைத்தால் ஒன்றும் ஆகாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம்: ஆறையும் சேர்த்து மாற்ற அவரிடம் ஒருநாளும் ஆறு கம்பி இருந்ததில்லை.

அறுந்ததை மட்டும் மாற்றுவதுதான் அப்போது வழக்கம். பெரும்பாலும் அறுவது மெல்லிசான முதல் கம்பி. எங்கள் ஆலங்காயத்தில் எங்கே கிடைக்கும்? மெட்ராஸ் போகிறவர் யாரென்று விசாரித்து, ஒரு சீட்டில் ‘முதல் கம்பி 2’ என்று எழுதிக் கொடுப்பார். மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிக்கலில் வாங்கிவர வேண்டும். 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடை. பியானோ விற்றுப் பெயர் வாங்கிய அந்தக் கடையில் எங்கள் ஊர்க்காரர் மஞ்சள் பையோடு போய் இரண்டே இரண்டு கம்பி கேட்டிருப்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அதனால் அந்தக் கிட்டாரில் ஆறு கம்பிக்கும் ஆறு வயது. ஒன்று பளிச்சென்று பேசும், அடுத்தது தொண்டை கட்டிக்கொண்டு முனகும். கிட்டார் என்றாலே அப்படித்தான் ஒலிக்கும் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

வயிற்றுக்குள் தூசி படிந்திருந்தது. அரிசியைப் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்தால் தூசி சேர்ந்து வந்துவிடும் என்பார்கள். மலையில் விளைவது சாமை, நான் அதைத்தான் போட்டேன். தூசி வந்தது, சாமைதான் முழுக்க வரவில்லை. உள்ளே எங்கோ சட்டத்தில் தங்கிவிட்ட மணிகள் அசைக்கும்போதெல்லாம் சலசலக்கின்றன.

விரல் வைக்கும் பலகை ஈட்டி மரம். அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனிகூட, பிரேசில் மரம் கிடைப்பது அரிதானதும் 1969-இல் நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. ஜவ்வாது மலைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஈட்டி அல்ல, சந்தனம். திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்குக் கட்டைகள் ஏற்றிய லாரி இறங்கும்போது, அது போன பிறகும் வளைவில் வாசனை நின்றுகொண்டிருக்கும். நிற்கிற சந்தன மரம் மணப்பதில்லை, வெட்டினால்தான் மணக்கும். மலை மணத்த நாளெல்லாம் மரம் சாய்ந்த நாள் என்பது சிறுவனாக மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தபோது எனக்குத் தெரியவில்லை. அரசு வெட்டியது போக, திருட்டு வெட்டு மிச்சத்தையும் முடித்தது.

கிட்டாரைத் துடைக்கும் விஷயத்தில் சித்தப்பா ரொம்பக் கறார். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு யாரும் தொடக்கூடாது. தொலைநோக்கிக் கண்ணாடியிடம் பழகிய பழக்கம் அது. அந்தக் கண்ணாடியைச் சும்மா துணியால் துடைத்துவிட முடியாது. மேலே பூசிய அலுமினியம் மங்கினால் அதைக் கரைத்தெடுத்து, காற்றை அகற்றிய கலனுக்குள் வைத்துப் புதிதாகப் பூச வேண்டும். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் காவலூர். 1986 ஜனவரி 6-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்து, வானாய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதைக் கட்டியெழுப்பிய பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். அந்தப் பேச்சு வந்தால் சித்தப்பாவின் குரல் இறங்கிவிடும்.

அவர் வாசிக்க ஆசைப்பட்டது ஒரே ஒரு பாட்டு. ‘மூடுபனி’ வந்தது 1980-இல், இளையராஜாவுக்கு நூறாவது படம். கிட்டாரோடு தொடங்குமே, அந்தப் பாட்டு. வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. இலங்கை வானொலி எப்போது போடுமோ அப்போது கேட்டு, காதில் தங்கியதைக் கம்பியில் தேட வேண்டும். ஒருமுறை ஒலிபரப்பானால் நாலைந்து ஸ்வரம் பிடிபடும், மீதிக்கு அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். இப்போது கைப்பேசியில் அதே பாட்டை வேகம் குறைத்துக்கூடக் கேட்க முடிகிறது. நான் ஒரு மாலையில் கற்றுக்கொண்டேன். அது அவ்வளவு பெரிய சாதனையாக எனக்குப் படவில்லை.

புதுக் கம்பி மாட்டியாயிற்று. ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தி அடுத்த கம்பியோடு ஒப்பிடு, மூன்றாவது கம்பியில் மட்டும் நான்காம் ஃப்ரெட் என்று அவர் சொல்லிக்கொடுத்த கணக்கிலேயே சுருதி சேர்த்தேன். புதுசு என்பதால் நீண்டுகொண்டே இருக்கிறது, சேர்த்து முடிப்பதற்குள் முதலில் சேர்த்தது இறங்கிவிடுகிறது. எல்லாக் கம்பிக்கும் ஒரே வயது. கணீரென்றுதான் இருக்கிறது, ஆனால் வேறு யாரோ வீட்டுக் கிட்டார்.

சித்தி உள்ளேயிருந்து வந்து கொஞ்ச நேரம் நின்றார்.

“சித்தப்பா அந்தப் பாட்டை முழுசா வாசிச்சிருக்காரா சித்தி?”

“எங்கப்பா! சுருதி சேர்த்து முடிக்கவும் மேகம் கலையவும் சரியா இருக்கும். டார்ச்சை எடுத்துக்கினு போயிடுவாரு” என்றவர், கழற்றிப் போட்டிருந்த பழைய கம்பிகளைக் குனிந்து பொறுக்கினார். அவரைப் பந்தலுக்குக் கட்ட வேண்டுமாம்.