விற்கும் நாளில் தெரியும் விலை

மோட்டார் சைக்கிளைப் பற்றி இலக்கிய அனுபந்தத்தில் எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். காவியங்களில் தேருக்கும் குதிரைக்கும் இடமுண்டெனில், விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தொழிலாளியின் ஊர்தி மட்டும் எழுதத்தகாத பொருளாகிவிடாது. வீடும் நிலமும் இல்லாதவருக்குத் தம் சொந்தமென்று சொல்லிக்கொள்ளக்கூடிய பெரும் பொருள் அதுவே. ஆபத்து அவசரமென்று வந்தால் விற்றுக் காசாக்கத்தக்கதும் அதுவே. ஆதலால் எந்தச் சின்னம் பொறித்த வண்டி பழசான பின்னும் விலை போகிறது என்பது பொழுதுபோக்கான கேள்வியன்று. வயிற்றோடு ஒட்டிய கேள்வி.

பழைய வண்டி வாங்கவோ விற்கவோ நினைக்கும் தோழர்கள் சிலர் நம்மையும் துணைக்கழைத்துச் செல்வது வழக்கம். நாம் பொறி வல்லுநரல்லோம். ஆயினும் கிரயப் பத்திரத்தையும் தவணைக் கணக்கையும் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? அவ்வகையில் மலேசியச் சிற்றூர்க் கடைகள் பலவற்றின் வாசலில் நின்று, பேரங்கள் பலவற்றைக் கேட்டிருக்கிறோம். ஒரு முறை ஒரே மாதத்தில் இரண்டு இளைஞர்கள் வண்டி விற்க வந்தார்கள். ஒருவருக்குத் தாயின் வைத்தியச் செலவு. மற்றவருக்குத் தங்கையின் படிப்புக்குக் கட்டவேண்டிய முன்பணம். முதல்வரிடமிருந்தது எட்டு வயதான ஹோண்டா இ.எக்ஸ்.5. காலையில் கொண்டுபோனார்; நண்பகலுக்குள் பணத்தோடு திரும்பினார். இரண்டாமவரிடமிருந்தது மூன்றே வயதான ஐரோப்பியப் பெருவண்டி. துடைத்த வெண்கலம்போல் மின்னியது. ஆறு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லாரும் வண்டியைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். விலை சொல்லத்தான் ஆளில்லை. முன்பணம் கட்டும் நாள் நெருங்கியபோது, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு நடந்தே வீடு திரும்பினார்.

இருவண்டிகளும் நன்கு பேணப்பட்டவையே. பொறியின் திறமையைப் பார்த்தால் இரண்டாவதற்கு முதலாவது உறை போடக் காணாது. பின் ஏன் இந்த வேறுபாடு?

பழைய வண்டிக்கு விலை தருபவன் வண்டியை மட்டும் வாங்குவதில்லை. நாளை அது பழுதானால், தன் தெருமுனைப் பட்டறையில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கையுண்டா, அதற்குரிய சாமான் பத்து ரிங்கிட்டிலோ இருபது ரிங்கிட்டிலோ அன்றே கிடைக்குமா என்பதையும் சேர்த்தே வாங்குகிறான். அந்த நம்பிக்கைக்குத்தான் சந்தையில் ‘பெயர்’ என்று பெயர். இதை விளம்பரத்தால் மட்டும் உண்டாக்க முடியாது. ஒரு தலைமுறைக் காலம் வேண்டும்.

ஹோண்டா அந்தக் காலத்தை இந்நாட்டில் முன்னதாகவே முதலீடு செய்துவிட்டது. ஜப்பானில் 1958-ம் ஆண்டில் வெளிவந்த சூப்பர் கப் என்னும் சிறுவண்டியின் வழிவந்தவையே நம் கப்சாய்கள். கப் என்ற வண்டிப் பெயரோடு, சிறியது என்று செல்லமாகக் குறிக்கும் சீனப் பின்னொட்டும் சேர்ந்து ‘கப்சாய்’ ஆயிற்றென்பர். ஒரு காலத்தில் பேருந்துகளைக் கழுவிப் பிழைத்த பினாங்கு வணிகர் லோ பூன் சியூ, அந்நிறுவனத்தின் வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 2017-ம் ஆண்டில் சூப்பர் கப் வகையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. இ.எக்ஸ்.5 வண்டியோ 1980-களின் பிற்பகுதியிலிருந்து பெரிய உருமாற்றமின்றி நம் சாலைகளில் ஓடுகிறது. அதன் சாமான் விற்காத கடை கடையன்று. அதைப் பிரிக்கத் தெரியாத பட்டறைப் பையன் பட்டறைப் பையனல்லன். புதிய நாகரிகம் ஏதும் அதில் இல்லை என்று இளைஞர்கள் நகைப்பார்கள். அந்த மாறாமையே அதன் மறுவிற்பனை விலையைத் தாங்கி நிற்கிறது என்பது நம் கருத்து.

யமஹாவின் கதை சற்று வேறு. 2006-ம் ஆண்டில் வந்த 135 எல்.சி. வண்டிக்கு இளைஞரிடையே இருக்கும் மோகம் அதன் விலையை விழவிடுவதில்லை. ஆனால் மோகத்துக்கு ஒரு வரியுண்டு: வாங்க ஆள் மிகுந்த வண்டியைத் திருடவும் ஆள் மிகும். பழைய யமஹா விற்க வருமிடத்தில், சட்ட எண்ணையும் பொறி எண்ணையும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்காமல் நாம் ஒருபோதும் விலை பேசவிடுவதில்லை. அதே நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்.இசட். என்னும் ஈரடிப்புப் பொறி வண்டி இன்னும் வியப்பானது. 1980-களின் நடுவில் வந்து, 2011-ம் ஆண்டளவில் உற்பத்தி நின்ற வண்டி அது. புகையும் அதிகம், எண்ணெய்ச் செலவும் அதிகம். அப்படியிருந்தும், நன்கு பேணப்பட்ட ஒன்றுக்குப் புதிதாக வாங்கிய விலையினும் மிகுதியாகக் கொடுப்போர் இருக்கின்றனர். தம் வாலிபத்தைத் திரும்ப விலைக்கு வாங்குகிறார்கள் போலும்! ஆயினும் இதைக் கண்டு, நம் வண்டியும் ஒருநாள் அப்படி ஆகுமென்று கொட்டகையில் பூட்டி வைப்பது பகுத்தறிவன்று. பழசான வண்டிகளிற் பெரும்பாலானவை பழைய இரும்பாகவே முடிகின்றன.

நிற்க. நம் நாட்டுச் சொந்தச் சின்னமாகிய மொடெனாஸைப் பற்றிச் சொல்லாவிடில் குறையாகும். கெடா மாநிலத்துக் குருனில் 1990-களின் நடுவில் தோன்றிய இந்நிறுவனம், 1996-ம் ஆண்டில் கிரிஸ் என்னும் வண்டியை வெளியிட்டது. கவாசாக்கியின் தொழில்நுட்பத்தைத் தழுவியது, உழைப்புக்கு அஞ்சாதது. எனினும், நாம் கண்ட கடைகளில், ஒத்த வயதுள்ள ஹோண்டாவுக்குச் சொல்லும் விலையை அதற்கு எவரும் சொல்வதில்லை. தேசப்பற்றைப் பேசுவோர்கூடச் சாவியைக் கையில் வாங்கியதும் தேசத்தை மறந்துவிடுகிறார்கள். விற்பவருக்கு இது வருத்தம், வாங்குபவருக்கோ லாபம். தான் சாகும்வரை ஓட்டப்போகிறேன், விற்கும் நோக்கமே இல்லையென்று உறுதியாயிருப்பவர் குறைந்த விலையில் ஒரு கிரிஸ் வாங்கினால் நாம் தடுக்கமாட்டோம். சுஸுக்கியின் பழைய வண்டிகளுக்கும் இதே நிலைதான்: பொறியைக் குறை கூற ஒன்றுமில்லை, சாமான் தேடி அலைய வேண்டியிருப்பதே குறை.

பெருவண்டிகளின் பின்னடைவுக்குச் சட்டமும் ஒரு காரணம். 150 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மலேசியாவில் சாலைவரி ஆண்டுக்கு இரண்டே ரிங்கிட். பி2 உரிமம் உள்ளவர் 250 சி.சி. வரைதான் ஓட்டலாம். எனவே சிறுவண்டிக்குத் திசையெல்லாம் வாங்குவோர். பெருவண்டிக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர். இதிலே சதவீதம் என்னும் மாயவலை வேறு. “எங்கள் வண்டி ஐந்தாண்டிலும் நூற்றுக்கு அறுபது விலை நிற்கும்” என்று விற்பனையாளர் சொல்வார். அது மெய்யென்றே வைத்துக்கொண்டு, விளக்கத்துக்காக இரண்டு தொகைகளை எடுத்துக்கொள்வோம். 5,000 ரிங்கிட் வண்டி 3,000-க்கு விற்றால் இழப்பு 2,000. மாதத்துக்கு ஏறக்குறைய 33 ரிங்கிட். 40,000 ரிங்கிட் வண்டி 24,000-க்கு விற்றால் இழப்பு 16,000. மாதத்துக்கு ஏறக்குறைய 267 ரிங்கிட். சதவீதம் ஒன்றே, அரிசிப் பானைக்கு அது ஒன்றன்று. தவணை வட்டியை இதில் நாம் சேர்க்கவேயில்லை.

1924-ம் ஆண்டு முதல் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்து நிற்கும் பாலத்தைக் கடந்துவிட்டால், இக்கணக்கெல்லாம் தலைகீழாகிறது. அங்கே 1990-ம் ஆண்டு முதல், வண்டி வைத்திருக்கும் உரிமைக்கே சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு ஆயுள் பத்தாண்டு. மோட்டார் சைக்கிளுக்குரிய சான்றிதழின் ஏலவிலை 2022-ம் ஆண்டில் 12,000 சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேலேறியது. சிறுவண்டியின் எந்திர விலையைக் காட்டிலும் காகிதத்தின் விலை பெரிது! 12,000 வெள்ளியைப் பத்தாண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 100 வெள்ளி. இரண்டாண்டு எஞ்சியிருக்கும் வண்டியை விற்பவன், முதலில் 2,400 வெள்ளிக் காலத்தை விற்கிறான். அதற்கு மேல்தான் ஹோண்டாவா, யமஹாவா என்னும் பேச்சு எழுகிறது. ஏலம் மலிந்திருந்த ஆண்டில் வாங்கி, ஏறிய ஆண்டில் விற்றவர் ஒன்றும் செய்யாமலே லாபங்கண்டார்; ஏறியபோது வாங்கியவர் எவ்வளவு துடைத்துப் பேணினாலும் நட்டமடையக்கூடும். இதிலே சின்னத்தின் பெருமை என்ன, வண்டிக்காரரின் சாமர்த்தியம் என்ன? மேலும், 2003 ஜூலை 1-க்கு முன் அங்கே பதிவான மோட்டார் சைக்கிள்களுக்கு 2028 ஜூன் 30-ஆம் நாளோடு சாலையில் இடமில்லையென்று அரசாங்கம் வரையறுத்துவிட்டது. நேசத்துக்குரிய பழைய வண்டியாயினும் அந்நாளுக்கு அப்பால் அதை அங்கே ஓட்ட வாங்குவார் யார்?

மீண்டும் மலேசியாவுக்கு வருவோம். இங்கே சின்னத்தைவிட வண்டியின் விலையை விரைவில் கொல்வது ஒன்றுண்டு. அது ‘சம்போங் பாயார்’ என்னும் வழக்கம். தவணை முடியாத வண்டியை ஒருவர் மற்றவரிடம் கொடுத்து, “மீதியை நீ கட்டிக்கொள்” என்று வாய்ச்சொல்லால் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்; பெயர் மாற்றம் நடைபெறுவதில்லை. வாங்கியவர் கட்டத் தவறினால் கடிதம் வருவது பழைய பெயருக்கு. அவர் சாலையில் செய்யும் குற்றத்துக்குச் சம்மன் வருவதும் பழைய பெயருக்கே. அன்பினாலும் தாட்சண்யத்தினாலும் சொந்தக்காரருக்கு இவ்வாறு கொடுத்துவிட்டு, உறவையும் பணத்தையும் ஒருங்கே இழந்த குடும்பங்களை நாமறிவோம்.

அப்படி மூன்று கைமாறிய வண்டியொன்றைச் சென்ற மாதம் ஒரு தோழருடன் போய்ப் பார்த்தோம். பொறி சீராக ஓடிற்று, சக்கரங்கள் புதியவை, சந்தை விலையிற் பாதிதான் கேட்டார்கள். பதிவிலிருந்த பெயருக்குரியவர் எங்கே என்று வினவினோம். யாருக்கும் தெரியவில்லை. தோழர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியென்னவோ ஹோண்டாதான்.